முதல் கத்திக்கு முன்னால்

புற்றுநோய்ச் சிகிச்சையில் முதல் முடிவுக்கு இருக்கிற கனம் அதற்குப் பிறகு எடுக்கிற எந்த முடிவுக்கும் இருப்பதில்லை. கட்டியை உடனே வெட்டி எடுப்பதா, மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பதா? கதிர்வீச்சு அறுவைக்கு முன்னாலா, பின்னாலா? ஆடுகிற பல்லை எப்போது பிடுங்குவது? இந்த வரிசையைச் சரியாகப் போட்டுவிட்டால், கையில் இருக்கிற வசதியைக் கொண்டே நிறையச் சாதிக்கலாம். வரிசை தப்பினால், அடுத்து வருகிற டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முன்னால் நடந்ததைச் சரிசெய்வதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்த வரிசையைப் போடுவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. ஏன் ஆகாது, பலர் சேர்ந்து போட்டால் நோயாளிக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, சேர்ந்து உட்கார்ந்தும் பலன் கிடைக்காமல் போவது எப்போது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஆலந்தலையிலிருந்து தொடங்கலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணலும் கடலும் சேருமிடத்தில் இருக்கிற மீனவர் ஊர். கரையில் பைபர் படகுகள், ஊர் நடுவே திரு இருதய ஆண்டவர் கோயில். இங்கே ஐம்பத்தைந்து வயதில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன் விற்பவர். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் பல வருஷமாக உண்டு. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்து இரண்டு மாதமாக ஆறவில்லை. மருந்துக்கடையில் வாங்கித் தடவிய மருந்து கேட்கவில்லை. சிறு துண்டு எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, “யக்கா, கத்தி பட்டா பரவிரும், பேசாம இரு” என்கிறார்.

இந்தப் பயம் நம் ஊர்களில் எங்கும் இருக்கிறது. பயாப்ஸியால் நோய் பரவுவது மிக மிக அரிது. இருந்தும் பயம் போகாததற்குக் காரணம் உண்டு. சரியாகத் திட்டமிடாமல் அரைகுறையாக அறுக்கப்பட்ட கட்டி சில மாதங்களில் திரும்ப வந்ததை ஊரில் யாரோ ஒருவர் பார்த்திருப்பார். கத்தியின் மேல் விழுகிற பழி பல நேரங்களில் திட்டம் இல்லாமைக்குச் சேர வேண்டியது.

மூன்று ஆயுதங்கள், ஒரு வரிசை

புற்றுநோயை எதிர்க்க மருத்துவத்திடம் இருக்கிற முக்கிய ஆயுதங்கள் மூன்று. முதலாவது அறுவை. கட்டி ஓரிடத்தில் இருக்கும்வரை இதற்கு இணையில்லை. கட்டியைச் சுற்றி நோயில்லாத திசு ஒரு விளிம்பாகக் கூடவே வர வேண்டும். விளிம்பில் புற்றணு மிஞ்சியிருந்தால் அறுவை முழுமையடையவில்லை என்று பொருள். இரண்டாவது கதிர்வீச்சு. நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அது புற்றணுவின் மரபுப்பொருளை உடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் சிதறியிருக்கிற அணுக்களையும் அது எட்டும். மூன்றாவது மருந்து. கீமோ, ஹார்மோன் மாத்திரை, குறிப்பிட்ட புரதத்தைத் தாக்கும் மருந்து, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து எல்லாம் இதில் அடங்கும். ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போவதால், வேறு இடத்துக்குக் கிளம்பிவிட்ட அணுக்களைத் தேடிப் பிடிக்கிற வேலை இதனுடையது.

மூன்றுக்கும் மூன்று வகை டாக்டர்கள். ஒவ்வொருவரும் பல வருஷம் படித்துப் பழகியது தன் ஆயுதத்தை. அதனால் அவரவர் கண்ணுக்கு அவரவர் வழி முதலில் படுவது இயல்பு. இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் நோயாளி எந்தக் கதவை முதலில் தட்டினாரோ அந்தக் கதவின் சிகிச்சைதான் முதலில் கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டால் அது ஆபத்து.

ஆலந்தலை அம்மாவின் கன்னப் புண்ணுக்கே வருவோம். நோய் ஓரளவு வளர்ந்த நிலையில் இருந்தால், வழக்கமான பாதை அறுவை, அதற்குப் பின் கதிர்வீச்சு, தேவைப்பட்டால் கூடவே கீமோ. இந்தப் பாதையில் யாரும் முதலில் நினைக்காத ஒருவர் பல் டாக்டர். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. அதன் பிறகு ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல், எலும்பே இற்றுப்போகிற நிலை வரலாம். அதனால் காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பிடுங்கி, புண் ஆற விட்டுவிட வேண்டும். கன்னத்தை அறுக்கிற அன்றைக்கே, மயக்க மருந்தின் கீழேயே, அந்தப் பற்களையும் எடுத்துவிட்டால் வேலை ஒரேயடியாக முடிந்துவிடும். அறுவை டாக்டருக்கு இது தெரிய வேண்டுமானால், கதிர்வீச்சு டாக்டரும் பல் டாக்டரும் அவரிடம் அறுவைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து, “கரண்ட் வைக்கப் போகிறோம், பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள்” என்று சொன்னால், பல் பிடுங்கிப் புண் ஆற இன்னும் இரண்டு வாரம். தலை, கழுத்துப் புற்றுநோயில் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு பல் அந்தக் கெடுவைத் தாண்ட வைத்துவிடும்.

இன்னொரு சின்னப் பொருளைப் பாருங்கள்: ஒரு பார்மலின் பாட்டில். மார்பிலிருந்து எடுத்த கட்டியை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்2 புரதம் மிகுதியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பின்னால் மருந்து முடிவாகும். இந்தச் சோதனை நம்பத்தக்கதாக இருக்க, எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத பார்மலின் கரைசலில் போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். திசு வெறும் பாட்டிலில், வெறும் உப்புநீரில் அரை நாள் கிடந்தால் புரதங்கள் சிதைந்துபோகும். இருக்கிற ஏற்பி இல்லை என்று ரிப்போர்ட் வரும். விலை குறைந்த ஹார்மோன் மாத்திரையால் பல வருஷம் காப்பாற்றப்பட வேண்டிய ஒரு பெண் அந்த மாத்திரையைப் பெறாமலே போய்விடுவார். அறுவை அரங்கில் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் இந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடையாற்றில் பன்னிரண்டு கட்டில்கள்

தமிழ்நாட்டில் இந்தச் சேர்ந்து செய்யும் மருத்துவத்துக்கு ஒரு முகவரி உண்டு. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம் முத்துலட்சுமியின் மனத்தில் ஒரு மருத்துவமனையாக வளர்ந்தது. இந்த நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு, வந்தால் சாகத்தானே போகிறார்கள் என்று பலர் நினைத்த காலம் அது. அவர் விடவில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு கட்டில்களோடு திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955இல் டாக்டர் வி. சாந்தா சேர்ந்தார். தொடக்க காலத்தில் அந்த இரண்டு டாக்டர்களே மருத்துவமனையின் முதுகெலும்பு.

இருவர் மட்டுமே இருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. அறுவையையும் கதிர்வீச்சையும் மருந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் பழக்கம் அங்கே தொடக்கத்திலிருந்தே வேர்விட்டது. அதன் பலனை 1970களில் நடந்த வாய்ப் புற்றுநோய் ஆய்வில் பார்க்கலாம். புகையிலை போடுகிறவர்களுக்கு வருகிற, நன்றாக முற்றிய கன்னப் புற்றுநோய்தான் அவர்களிடம் அதிகம் வந்தது. கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் போதவில்லை. பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு ஒரே காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து புற்றணுவைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சியில் கதிர்வீச்சு கூடுதலாக வேலை செய்கிறது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களைவிடச் சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பலன் கூடியது. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் இதை 1980இல் பிரிட்டனின் கிளினிக்கல் ரேடியாலஜி இதழில் எழுதினார்கள். கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இன்று உலகெங்கும் தலை, கழுத்துப் புற்றுநோயின் வழக்கமான சிகிச்சை. மருந்து மாறியிருக்கிறது, சேர்த்துக் கொடுக்கும் கொள்கை நிலைத்துவிட்டது.

மார்பகப் புற்றுநோயிலும் அடையாறு தன் வழியைத் தானே கண்டது. நம் பெண்கள் கட்டி பெரிதான பிறகுதான் வருகிறார்கள். உடனே அறுத்தால் நோய் மிஞ்சும். அதனால் முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுத்தார்கள். 1990 முதல் 1999 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைச் சாந்தாவும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்டார்கள். கணிசமானவர்களுக்கு, அறுவையில் எடுத்த திசுவைத் துருவிப் பார்த்தபோது அதில் புற்றணுவே மிஞ்சியிருக்கவில்லை. மூன்று டாக்டர்கள் ஒரே தாளில் தேதி போட்டு நடத்தினால்தான் இந்த வரிசை நடக்கும். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு அறுவையை எப்போது வைப்பது என்பது நாள் கணக்கு. ஒருவர் தன் பங்கைத் தள்ளிப்போட்டால் மற்ற இருவரின் உழைப்பும் வீண்.

இந்தப் பழக்கம் ஊர் எல்லையையும் தாண்டியது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து, எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைமுறையை 1980களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எந்த நாளில் எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பதெல்லாம் மூன்று ஊரிலும் ஒன்றே. 1990 முதல் 1997 வரை சேர்ந்தவர்களின் கணக்கைப் பார்த்தபோது, நான்கு வருஷத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், மையத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 41 முதல் 60 பேர். முன்பு பெரும்பாலான குழந்தைகளைப் பறிகொடுத்துவந்த நோய் இது.

மேசைமேல் ஒரு படம்

இப்படிப் பல துறையினர் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ‘டியூமர் போர்டு’ என்று பெயர். பெரிய புற்றுநோய் மையங்களில் இது வாராவாரம் நடக்கும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய துறைகளின் டாக்டர்களோடு, ஸ்கேன் படிக்கிற கதிரியக்க நிபுணரும் திசுவைப் படிக்கிற நோய்க்குறியியல் நிபுணரும் உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸ், உணவு ஆலோசகர், வலித் தணிப்பு மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோரும் இருந்தால் அது நல்ல கூட்டம்.

உள்ளே என்ன நடக்கிறது? மலக்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். திரையில் எம்ஆர்ஐ படம் ஓடுகிறது. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம், அதை மூடி மெல்லிய உறை. அறுவை டாக்டர் கத்தி வைக்கப் போவது அந்த உறையை ஒட்டி. கதிரியக்க நிபுணர் சுட்டியை நகர்த்தி, கட்டியின் ஒரு விரல் நீட்சி அந்த உறையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளந்து காட்டுகிறார். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால், நேராக அறுத்தால் விளிம்பில் நோய் தங்கும். அப்போது கதிர்வீச்சு டாக்டர், “முதலில் நான் சுருக்கித் தருகிறேன்” என்கிறார். தள்ளி இருக்கிறது என்றால் நேராக அறுவைக்குப் போகலாம். ஐந்து நிமிஷப் பேச்சு. அந்த ஐந்து நிமிஷம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. முன்சிகிச்சை இல்லாமல் நேராக அறுவைக்குப் போன நோயாளிகளில், எம்ஆர்ஐ படத்தை வைத்துக் குழுவில் பேசாமல் போனவர்கள் 62 பேர். அவர்களில் 16 பேருக்கு விளிம்பில் நோய் மிஞ்சியது. பேசிவிட்டுப் போனவர்கள் 116 பேர். அவர்களில் மிஞ்சியது ஒரே ஒருவருக்கு. குழு செய்த வேலை, யாரை நேராக அறுக்கலாம், யாரை முதலில் கதிர்வீச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, இத்தகைய கூட்டத்தில் பேசப்பட்ட பிறகு நோயறிதல் ரிப்போர்ட் மாறியவர்கள் நூற்றுக்கு 4 முதல் 45 வரை இருந்ததாகச் சொல்கிறது. நோயின் பெயரோ நிலையோ மாறினால் சிகிச்சையே மாறிவிடும். முதல் ரிப்போர்ட்டை இன்னொரு கண் பார்ப்பதன் மதிப்பு இதுதான்.

கிளாஸ்கோ சொல்வதும் அமெரிக்கா சொல்வதும்

சரி, கூடிப் பேசுவதால் உயிர் பிழைக்கிறார்களா? இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. குழு இருக்கிற மருத்துவமனைகள் பொதுவாகவே பெரியவை, வசதி உள்ளவை. பிழைத்தது குழுவாலா, வசதியாலா என்று பிரிப்பது கடினம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இதற்கு ஓர் இயற்கையான சோதனைக்களமாக அமைந்தது. 1995இல் கிளாஸ்கோ பகுதியில் மார்பகப் புற்றுநோய்க்குப் பல்துறைக் குழுமுறை வந்தது. சுற்றியிருந்த பகுதிகளில் வரவில்லை. 1990 முதல் 2000 வரை நோய் கண்டறியப்பட்ட 13,722 பெண்களின் கதையை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்து, 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். குழுமுறை வருவதற்கு முன், கிளாஸ்கோவில் மார்பகப் புற்றுநோய் மரணம் அக்கம்பக்கத்தைவிட 11 சதவீதம் அதிகம். வந்த பிறகு, 18 சதவீதம் குறைவு. பின்தங்கியிருந்த நகரம் முந்திக்கொண்டது. அந்த இடைவெளியில் நகரத்தின் ஏழ்மை மறைந்துவிடவில்லை, சிகிச்சை ஒழுங்குபட்டது.

பிரிட்டன் இதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. 1995இல் வெளிவந்த கால்மன்–ஹைன் அறிக்கை புற்றுநோய்ச் சிகிச்சையைக் குழுக்களின் கையில் ஒப்படைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் 1994இல் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவான நோயாளிகளே குழுவின் பார்வைக்கு வந்தார்கள். 2004இல் எண்பதுக்கும் மேல்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. 2013இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு அனைவரையும் யோசிக்க வைத்தது. முன்னாள் படைவீரர்களுக்கான 138 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, டியூமர் போர்டு இருக்கிற இடம், இல்லாத இடம் என்று பிரித்து, சிகிச்சைத் தரத்தின் 27 அளவைகளை ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. இதை வைத்து, கூடிப் பேசுவதில் பயனில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்த ஆய்வு கேட்டது, போர்டு இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வியை. அது எப்படி நடக்கிறது, யார் யார் வருகிறார்கள், எடுத்த முடிவு நிறைவேறுகிறதா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கவில்லை. கிளாஸ்கோவில் வந்தது வாராந்திரக் கூட்டம் மட்டும் அல்ல. மார்பகப் புற்றுநோயில் தனிப்பயிற்சி உள்ள அறுவை டாக்டர்கள், எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரே வழிகாட்டி, தங்கள் முடிவுகளைத் தாங்களே தணிக்கை செய்யும் பழக்கம் எல்லாம் கூடவே வந்தன.

கூட்டம் போட்ட முடிவும் நோயாளியைச் சென்றடையாமல் போகலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில், இரைப்பை, உணவுக்குழாய் போன்ற மேல்வயிற்றுப் புற்றுநோய்க் குழு எடுத்த 273 முடிவுகளை 2006இல் வெளியான ஓர் ஆய்வில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவற்றில் 41 முடிவுகள், அதாவது நூற்றுக்குப் பதினைந்து, எடுத்தபடி நிறைவேறவில்லை. முக்கியக் காரணம், நோயாளியின் மற்ற உடல் உபாதைகள். அடுத்தது, அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளியே முடிவெடுத்தது. இரண்டுமே கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். பிரிட்டனில் இந்தக் கூட்டங்களில் கூடவே அமர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் சொல்வதும் இதையே: ஸ்கேனும் திசு ரிப்போர்ட்டும் விரிவாகப் பேசப்படுகின்றன, நோயாளியின் வீடு, வேலை, விருப்பம் ஆகியவை மிகக் குறைவாகவே பேசப்படுகின்றன. அவற்றைத் தெரிந்துவைத்திருக்கிற நர்ஸ் பேசுவதற்கும் வாய்ப்புக் குறைவு.

முப்பது நாள் கதிர்வீச்சும் ஓர் இரவு ரயிலும்

நோயாளியின் வீடு மருத்துவ விஷயம்தானா என்று கேட்டால், ஆமாம் என்று புற்றணுவே சொல்கிறது. கன்னப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பிறகு கொடுக்கிற கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், முப்பது தடவை அல்லது அதற்குச் சற்று மேல். ஆறு வாரமோ அதற்குச் சற்று மேலோ இழுக்கும். தினமும் சில நிமிஷம்தான். ஆனால் தினமும் வர வேண்டும். கதிர்வீச்சு தொடங்கி மூன்று, நான்கு வாரம் ஆனதும், மிஞ்சியிருக்கிற புற்றணுக்கள் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் சிகிச்சை தடைபட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். தலை, கழுத்துப் புற்றுநோயில் மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் அது சின்ன இழப்பா?

இப்போது ஆலந்தலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். சென்னைக்குப் போவதென்றால் திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலையில் இறங்க வேண்டும். ஆறு வாரம் எங்கே தங்குவது? கூட யார் இருப்பது? தினமும் மீன் விற்றால்தான் அன்றைக்குக் காசு. வாய் முழுக்கப் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காத நாலாவது வாரத்தில், “போதும், ஊருக்குப் போவோம்” என்று தோன்றுவது மனித இயல்பு. அந்த நாலாவது வாரம்தான் நோய்க்குச் சாதகமான வாரம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சாப்பிட முடியாத நிலை வருவதற்கு முன்பே மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் போட ஏற்பாடு செய்கிற உணவு ஆலோசகர், வலி தாங்க மருந்து கொடுக்கிறவர், தங்க இடம் பார்த்துக் கொடுத்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தாளை நகர்த்துகிற சமூகப் பணியாளர், வராதவரை போன் போட்டுக் கூப்பிடுகிற நர்ஸ் ஆகிய எல்லோரும் சேர்ந்துதான் அந்த முப்பது நாளை முழுதாக்குகிறார்கள். அவர்களுடைய வேலை புற்றணுவின் பெருக்கத்தோடு நேராக மோதுகிற வேலை. தாராள மனம் உள்ளவர்கள் செய்கிற உதவி என்று அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

இப்படிச் சேர்ந்து ஓர் உயிரைக் காப்பது இந்தக் கடற்கரைக்குப் புரியாத விஷயம் அல்ல. மன்னார் வளைகுடாவில் கடைசியாக 1961இல் முத்துக்குளிப்பு நடந்தது. அதில் கல்லைக் காலில் மாட்டி மூழ்குகிறவர் ஒருவர் என்றால், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசைவைக் கவனிக்கிறவர் இன்னொருவர். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவர் அந்த நொடியே இழுத்தாக வேண்டும். அறுவை டாக்டர் எவ்வளவு ஆழம் போனாலும், கயிற்றைப் பிடித்திருக்கிற கை ஒன்று நோயாளிக்கு வேண்டும். நல்ல குழுவில் அந்தக் கை யாருடையது என்பது பெயரோடு முடிவாகியிருக்கும்.

எல்லாருக்கும் சென்னைதான் வழி என்பதும் இல்லை. அறுபது கிலோமீட்டரில் திருநெல்வேலி, அதைவிடக் கிட்டே தூத்துக்குடி; இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. திட்டம் போடுகிற மூளை சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், கதிர்வீச்சும் கீமோவும் பக்கத்திலேயே கிடைக்கலாம். 2012இல் டாட்டா நினைவு மையம் முன்னின்று தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இப்போது முன்னூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் அமைப்புகளும் இருக்கின்றன. பொதுவான சிகிச்சை வழிகாட்டிகளோடு, இணையவழி டியூமர் போர்டையும் அது நடத்துகிறது. சிறிய ஊரில் இருக்கிற டாக்டர் தன் நோயாளியின் படத்தைத் திரையில் போட்டு, பெரிய மையத்து நிபுணர்களிடம் யோசனை கேட்கலாம். நோயாளி ரயில் ஏறுவதற்குப் பதிலாக ரிப்போர்ட் போகிறது. இது பரவ வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். டாக்டர்களின் நேரமும், கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

குழுவுக்காகக் காத்திருந்தால் நோய் முற்றிவிடாதா என்ற கவலை நியாயமானது. அறுவை நாலு வாரம் தள்ளிப்போனால் மரண ஆபத்து ஆறு முதல் எட்டு சதவீதம் கூடுவதாக 2020இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆகவே மாதக்கணக்கில் இழுக்கிற குழுவும் கெடுதல்தான். ஆனால் பெரும்பாலான கட்டிகளில், பயாப்ஸி, ஸ்கேன், கூட்டம் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்கிற ஒன்றிரண்டு வாரம் வீணாகும் நேரம் அல்ல. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவசரமாக வெட்டினால், பின்னால் மாதங்களாகக் கட்ட வேண்டிவரும்.

குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. அறுவைக்கு முன்பே பயாப்ஸி ரிப்போர்ட் கையில் வந்துவிட்டதா? நோய் எந்த நிலை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தாகிவிட்டதா? அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து பார்த்தார்களா? எது முதல், எது அடுத்து, எந்தத் தேதி என்று எழுதித் தந்திருக்கிறார்களா? பல்லையும் இதயத்தையும் சர்க்கரையையும் யார் கவனிக்கிறார்கள்? ஊரிலிருந்து வந்துபோக முடியாது, தங்க இடமில்லை என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டோமா? நடுவில் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்கு, யாருக்குப் போன் போடுவது?

ஆலந்தலை அம்மாவால் இதையெல்லாம் கேட்க முடியுமா என்று நினைக்க வேண்டாம். கேட்பதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். கூடப்போகிற மகளோ மருமகனோ படித்துக் காட்டலாம். அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம், தனியார் மருத்துவமனையிலும் கேட்கலாம். முதல் கத்தி படும்வரை திட்டத்தை மாற்ற இடம் இருக்கிறது. பட்ட பிறகு அந்த இடம் சுருங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். தன்னோடு சேர்ந்து யோசிக்க இன்னொருவர் இருப்பது அவருக்கும் பலம்.